தண்ணீர் குடித்துப் பார்ப்பவன்: நோய்ச் சந்தேகமும் முடியாத வாசிப்பும்

1

'நெனப்புதான் பொழப்பக் கெடுக்கும்' என்பது நம்மிடையே புழங்கும் சொலவடை. நினைப்பு என்பது நினைப்பவனின் கைக்குள் இருக்கிற சமாச்சாரம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், விடாமலிருப்பது அவன் குற்றம் என்கிற ஒரு கருதுகோள் இதற்குள் இருக்கிறது. இந்தக் கருதுகோள் செல்லுபடியாகாத ஓரிடத்தைப் பற்றிப் பேச முற்படுகிறது இக்கட்டுரை.

அந்த இடத்துக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ஓ.சி.டி. தமிழில் 'எண்ண சுழற்சி நோய்' என்கிறார்கள். பொதுப்புத்தியில் இது கை கழுவுகிற நோய், பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிற நோய். சினிமாவில் சிரிப்பு மூட்டப் பயன்படுவது. இதன் ஒரு வடிவம் உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. கொடிய நோய் ஒன்று தனக்கு வந்துவிட்டது, அல்லது தன் வழியாகப் பிள்ளைகுட்டிகளுக்குப் போய்விட்டது என்ற எண்ணம் கூப்பிடாமல் வந்து நிற்கும். அதை ஆற்றுவதற்கு ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும்: கழுவ வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், யாரையாவது கேட்க வேண்டும், தேடிப் படிக்க வேண்டும். செய்ததும் கொஞ்சம் ஆறும். ஆறினதும் எண்ணம் திரும்பி வரும், முன்னைவிடப் பலமாக. எண்ணம் ஒரு பக்கம், அதை ஆற்றும் கட்டாயச் செயல் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போட்டுக்கொண்டு சுற்றுகின்றன. 'சுழற்சி' என்ற தமிழ்ச்சொல் இவ்விஷயத்தில் மிகச் சரியானது.

எனக்கு இது இருக்கிறது. விமர்சனக் கட்டுரையில் சொந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். இந்நோயின் முக்கால்வாசி தலைக்குள்ளே நடப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது ஒரு மனிதர் கொஞ்சம் அதிக நேரம் குளியலறையில் இருக்கிறார் என்பது மட்டுமே. எனவே உள்ளிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

2

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி, கடைசி பஸ்ஸில் வந்து இறங்கித் தெருவுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தேன். கரண்டு இல்லை. இரண்டு நாய்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு என் காலை உரசிப் போயின. வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு கீறல். ரத்தம் இல்லை. நாயின் நகமா, வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் உடைமுள்ளா, தெரியவில்லை.

செய்ய வேண்டியதைச் செய்தேன். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் வராத சிறு கீறல், உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பில் இரண்டாம் வகை. தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 0, 3, 7, 28 ஆம் நாட்களில் நாலு தவணை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று ஊரில் இன்னும் பயமுறுத்துவதெல்லாம் பழைய கதை. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் தடுப்பூசியின் காலம் அது. இந்தியாவில் 2005க்குள் அது கைவிடப்பட்டுவிட்டது. இப்போது கையில் போடும் ஊசிதான். நாலையும் தவறாமல் போட்டுக்கொண்டேன்.

மருத்துவக் கதை இங்கே முடிகிறது. என் கதை ஆரம்பித்ததே இங்கேதான்.

மூன்றாம் தவணை போட்ட அன்று காலையில் கரண்டு போயிருந்ததே, மருந்தின் குளிர்ச்சி கெட்டிருக்குமோ? ஊசி போட்ட இடத்தில் சின்னப் புடைப்பு வர வேண்டும் என்கிறார்களே, வந்ததா? அன்று ராத்திரி கால் துடைத்த துண்டில்தானே மறுநாள் பிள்ளை முகம் துடைத்தாள்? காய்ந்த துண்டு வழியாக இந்நோய் வராது என்பதும், உடம்புக்கு வெளியே அந்தக் கிருமி அற்பாயுசு என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தத் துண்டைக் கொல்லையில் போட்டு எரித்தேன். எரித்த கையைக் கழுவினேன். கழுவிய வாளியைக் கழுவினேன்.

இந்தச் சுழற்சிக்கு ரேபிஸ் மாதிரி வாகான நோய் வேறில்லை. குறிகள் தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக மரணம் நிச்சயம். கடிபட்டதற்கும் குறி தெரிவதற்கும் இடைப்பட்ட காலம் வழக்கமாக இரண்டு மூன்று மாதம். ஒரு வாரமாகவும் இருக்கலாம், ஒரு வருஷமாகவும் இருக்கலாம், அபூர்வமாக அதற்கு மேலும் போகலாம். குறி தெரியும் முன்பாக, 'உனக்கு இல்லை' என்று சொல்லக்கூடிய பரிசோதனையும் கிடையாது. அதாவது இந்த நோய் இல்லை என்பதை நிரூபிக்கும் தேதி காலண்டரில் இல்லை. சந்தேகத்துக்கு இதைவிட நல்ல விளைநிலம் எங்கே கிடைக்கும்?

ரேபிஸின் பேர்போன குறி தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுவது. ஆகவே தினம் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்காருவேன். தாகத்துக்கு அல்ல, பரிசோதனைக்கு. ஒரு மிடறு விழுங்கிவிட்டுத் தொண்டையைக் கவனிப்பேன். விழுங்குவது நாம் கவனிக்காதபோது தானாக நடக்கிற காரியம். கவனிக்க ஆரம்பித்தால் நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதே மறந்துபோகும். தொண்டை அடைக்கும். அடைத்தது ஆயிற்று, இனி என்ன சாட்சி வேண்டும்? சரியாகப் பார்க்கவில்லை என்று இரண்டாவது டம்ளர். அப்புறம் மூன்றாவது. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளை, 'அப்பா ஏன் இவ்ளோ தண்ணி குடிக்காங்க?' என்று கேட்டாள்.

இந்த அமைப்பு எந்த நோய்க்கும் பொருந்தும். கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தே அந்த இடத்தை வீங்க வைத்துக்கொள்பவர்கள் உண்டு. நாடியை எண்ணிக்கொண்டே இருப்பவர்கள், எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்தபின்னும் ஒவ்வோர் ஊராகப் போய் ரத்தம் கொடுப்பவர்கள் உண்டு. சோதிக்கும் செயலே சோதிக்கப்படும் குறியை உண்டாக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

3

தமிழில் 'குறி' என்ற சொல் விசேஷமானது. வைத்தியர் பார்ப்பது நோய்க்குறி. கோடாங்கி சொல்வதும் குறி. மொழியியல் தமிழுக்கு வந்தபோது குறி, குறிப்பான், குறிப்பீடு என்று இதே வேரிலிருந்துதான் சொற்கள் செய்துகொண்டோம். மூன்றிலும் பொதுவாயிருப்பது வாசிப்பு. நோய்ச் சந்தேகக்காரன் நாள் முழுதும் வாசித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய பிரதி அவனது உடல்.

பால் ரிக்கேர் 1965இல் ஃப்ராய்டு பற்றிய தமது நூலில் மார்க்ஸ், நீட்ஷே, ஃப்ராய்டு மூவரையும் சந்தேகத்தின் ஆசான்கள் என்று ஒரு வரிசையில் வைத்தார். மேற்பரப்பில் தெரியும் அர்த்தத்தை நம்பாதே, அடியில் வேறொன்று இயங்குகிறது என்று கற்றுத் தந்தவர்கள். தமிழில் விமர்சனம் எழுத வந்தவர்களுக்கு இது கையோடு கிடைத்த ஆயுதம். பிரதி சொல்வதைவிட மறைப்பதைப் பார், மௌனங்களை வாசி என்றுதான் நாம் பழகினோம். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில், அர்த்தம் முடிவுறுவதில்லை, ஒரு குறிப்பான் இன்னொரு குறிப்பானிடம் கைமாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது என்று தெரிதாவின் பெயரைச் சொல்லி விடிய விடிய டீக்கடையில் பேசியிருக்கிறேன். நிச்சயமின்மை என்பது அப்போது ஒரு விடுதலையாகத் தெரிந்தது.

அந்த நிச்சயமின்மை ஒரு விரற்கடை நீளக் கீறலாக என் காலுக்கே வந்தபோது ஒரு ராத்திரிகூட என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

இங்கு ஒரு தவறான முடிவுக்குப் போகும் அபாயம் உண்டு. நோய்ச் சந்தேகக்காரன் அதிகம் சந்தேகிக்கிறான், அர்த்தங்களைப் பெருக்குகிறான், ஆகவே எல்லையற்ற வாசிப்பின் நாயகன் அவன் என்று சொல்லிவிடத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். அவனைப் போல ஒற்றை அர்த்தத்துக்கு ஏங்குபவன் யாருமில்லை. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு சரி என்றால் அவனுக்குப் போதாது. மீதி ஒன்றை அடைத்துத் தரச் சொல்லி நிற்கிறான். மனிதர்கள் எல்லோரும் அந்த ஒரு பங்கோடுதான் சாலையைக் கடக்கிறார்கள், பஸ்ஸில் தூங்குகிறார்கள். அவன் அதை மூடிய பிறகே வாழ்வேன் என்கிறான். மரண பயம் என்று இதைச் சொல்வது முழுக்கப் பொருந்தாது. நிச்சயத்தின் மீதான தீராப் பசி என்று சொன்னால் பொருந்தும். இந்த நோயைப் பற்றி விளங்கிக்கொள்ள வேண்டிய மையமான விஷயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைக்கின்றன.

4

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 19 ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயர்களில் ஒன்று 'சந்தேகப் பைத்தியம்'. 1838இல் வெளியான தமது மனநோய்கள் நூலில் எஸ்கிரோல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிறருடைய பொருள் ஏதாவது தன் கையிலோ உடையிலோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்பது அவளது சந்தேகம். கையை உதறுவாள், விரலிடுக்குகளைத் தேய்த்துப் பார்ப்பாள். அது அபத்தம் என்று அவளுக்கே தெரியும். புத்தி தெளிவாக இருக்கையிலேயே புத்தி பிடிபட்டுக் கிடக்கும் இந்த நிலைதான் அன்றைய மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. ஃப்ராய்டு 1909இல் எழுதிய 'எலி மனிதன்' நோய்வரலாற்றில் அந்த இளைஞன், தந்தைக்குக் கொடுமை நேர்ந்துவிடும் என்று பயப்படுகிறான். தந்தையோ இறந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. ஃப்ராய்டு அதற்கடியில் தந்தைமீதான அன்பும் வெறுப்பும் கலந்த முடிச்சைக் கண்டார். வாசிப்பு என்ற வகையில் அது அபாரமான வாசிப்பு. ஆனால் எண்ணத்தின் அர்த்தத்தைத் தோண்டுவது இந்நோய்க்கு மருந்தாகவில்லை என்பதே பின்வந்த அனுபவம். 'எனக்கு ஏன் ரேபிஸ், ஏன் புற்றுநோய் இல்லை?' என்று நான் தோண்டினால் அதுவும் இன்னொரு கட்டாயச் செயலாகிவிடும்.

திருப்பம் வந்தது வேறு திசையிலிருந்து. 1978இல் ஸ்டான்லி ராக்மனும் இலங்கையரான பத்மால் டி சில்வாவும் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். நோயில்லாதவர்களுக்கு இந்த எண்ணங்கள் வருவதில்லையா? கேட்டுப் பார்த்ததில் பெரும்பாலோருக்கு வருகின்றன என்று தெரிந்தது. மாடியில் நிற்கும்போது குதித்துவிட்டால் என்ன, கத்தியைக் கையில் எடுக்கும்போது குத்திவிட்டால் என்ன, இந்தக் கட்டி புற்றாக இருந்தால் என்ன. உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசமில்லை. மற்றவர்கள் 'சே, என்ன நெனப்பு' என்று உதறிவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விடுகிறார்கள். நோயாளி நின்று அதற்குப் பதில் சொல்கிறான். எண்ணம் நோயல்ல, எண்ணத்துக்குக் கொடுக்கும் மரியாதைதான் நோய் என்று சுருக்கலாம்.

பெயரிடுதலிலும் ஒரு அரசியல் உண்டு. கற்பனை நோயாளி என்ற கேலி ஐரோப்பிய மேடையில் 17 ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அந்தக் கேலி ஒட்டிக்கொண்டிருந்த பழைய பெயரை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாவது கையேடு நீக்கியது. நோய்ப் பதற்றம், உடற்குறிக் கோளாறு என இரண்டாகப் பிரித்தது. ஓ.சி.டி.யைப் பதற்ற நோய்களிலிருந்து எடுத்துத் தனி அத்தியாயமாக்கியதும் அப்போதுதான். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் பகுப்போ நோய் பற்றிய தீராக் கவலையை ஓ.சி.டி.யின் குடும்பத்தில் கொண்டுவந்து சேர்த்தது. எல்லைக்கோடு எங்கே என்பதில் நிபுணர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நோயாளியைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சோதித்துப் பார்த்த பிறகு சந்தேகம் அடங்குகிறதா, வளர்கிறதா?

5

நம் சமூகமே ஒரு ஓ.சி.டி. சமூகம், தீட்டும் மடியும் பார்க்கிற மனசுதான் இதற்கெல்லாம் ஊற்று என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். கவர்ச்சியான வாதம். சடங்குக்கும் கட்டாயச் செயலுக்கும் உள்ள ஒப்புமையை ஃப்ராய்டு 1907லேயே எழுதிவிட்டார். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பார்க்கத் தவறக்கூடாது. சடங்குக்கு முடிவு உண்டு. துட்டி வீட்டுக்குப் போய் வந்தால் ஒரு முழுக்கு, முழுகினால் தீர்ந்தது. 'ஆயிற்று' என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. கட்டாயச் செயலில் 'ஆயிற்று' என்று சொல்ல யாருமில்லை. பூசாரியில்லாத, முடிவுரையில்லாத சடங்கு அது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவனுக்குச் சந்தேகமே கிடையாது. யார் எந்தக் குவளையில் குடிக்க வேண்டும் என்பதில் அவன் பரிபூரண நிச்சயத்தோடு இருந்தான். அது அதிகாரம். அதை நோய் என்று சொல்வது அவனுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுப்பதாகும். தன் கையையே நம்ப முடியாமல் தோல் உரிய உரியக் கழுவுகிறவனை அவனோடு ஒரே பட்டியலில் வைப்பது இவனுக்குச் செய்யும் அநியாயம். பண்பாடு இந்நோய்க்கு வேஷம் தருகிறது. ஓர் ஊரில் சாமிக்குத்தமாக, இன்னோர் ஊரில் கிருமியாக. உள்ளே சுற்றும் சக்கரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். உலகெங்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இருவர் வாழ்நாளில் இதற்கு ஆட்படுகிறார்கள். மூளையின் முன்பகுதிக்கும் அடியாழத்துக் கருக்களுக்கும் இடையிலான ஒரு சுற்று அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

அதே சமயம் நம் காலம் இதற்கு உரம் போடவில்லை என்றும் சொல்ல முடியாது. ஃபூக்கோ 1963இல் மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி எழுதியபோது அந்தப் பார்வை மருத்துவரிடம் இருந்தது. இன்று அது அவரவர் சட்டைப்பையில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் குறியைத் தட்டினாலும் மரணம் வரை அழைத்துப் போகும் கைப்பேசி, படிக்கட்டுக்குப் படிக்கட்டு நாடியை எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம், முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி. 2020இல் நாடு முழுவதும் கையைக் கழுவச் சொன்னபோது, 'இப்பத்தான் எல்லாரும் என்னய மாதிரி ஆகிட்டீங்க' என்று நான் வீட்டில் சிரித்தேன். மற்றவர்கள் கழுவிவிட்டுத் துடைத்துக்கொண்டார்கள். வித்தியாசம் அந்தத் துடைத்துக்கொள்வதில் இருந்தது.

நோயை உருவகமாக்குவது நோயாளியைத் துன்புறுத்துவதில் முடியும் என்று சூசன் சொன்டாக் 1978இல் எச்சரித்தார். பிரதி, வாசிப்பு என்று நான் பேசிக்கொண்டிருப்பதும் அந்த எச்சரிக்கைக்கு உட்பட்டதே. சுழற்சி முற்றிய நாளில் இது உருவகமாக இருப்பதில்லை. பிள்ளையைத் தூக்க முடியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதாக இருக்கிறது.

6

இந்தப் பசிக்குச் சோறு போடுகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அநேகமாக வீட்டுப் பெண்கள்.

'ஒண்ணும் ஆகாதுல்ல?'

'ஒண்ணும் ஆகாதுங்க. போய்ப் படுங்க.'

ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை இந்த உரையாடல் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. அவள் பதில் சொன்னதும் நெஞ்சில் பனி இறங்கினாற் போல இருக்கும். பத்து நிமிஷம். அப்புறம், 'அவள் கவனித்துச் சொன்னாளா, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாளா?' என்று அந்தப் பதிலையே வாசிக்க ஆரம்பிப்பேன். சலித்துக்கொண்டு சொன்னால் செல்லாது, திரும்பக் கேட்க வேண்டும். அடுப்பில் வேலையாக இருப்பவளைத் திருப்பி நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த அம்மா பார்த்துவிட்டு, 'ஏலே, அவளப் போட்டு ஏன்லே வதைக்கே?' என்றாள். பிறகு அவளும் திருநீறு போட்டுவிட்டு, 'ஒண்ணும் ஆகாதுலே' என்றாள். எனக்கு அதுவும் இன்னொரு தவணை.

தேறுதல் சொல்வது அன்பு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இந்த நோயில் தேறுதல் கந்துவட்டி மாதிரி வேலை செய்கிறது. வாங்கினதும் கை நிறைந்தாற் போல இருக்கும், மறுநாள் கடன் கூடியிருக்கும். 'பயந்தாங்கொள்ளி', 'வேற வேலையில்லை' என்று எரிந்து விழுவதும் உதவாது. அவமானம் இந்த நோயை ஒளித்து வைக்குமே ஒழியக் குறைக்காது. நடுவே ஒரு வழி இருக்கிறது. 'கேக்கணும்னு இருக்கும், தெரியுது. ஆனா பதில் சொன்னா உங்களுக்குக் கெடுதல்னு பேசி வச்சிருக்கோம். வாங்க, காய் நறுக்குவோம்.' இதைச் சொல்ல அவளுக்கும் பல மாதம் பயிற்சி வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் நான் கோபப்பட்டுக் கத்தினேன். அவள் அழுதாள். ஆனாலும் பதில் சொல்லவில்லை. நான் வாங்கிய சிகிச்சையில் பாதி அவள் உழைப்பு என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

7

1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த விக்டர் மேயர், எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். பயப்படும் பொருளை அவர்களே தொடும்படி செய்தார்கள். தொட்டபின் சடங்கைச் செய்யவிடாமல் செவிலியர்கள் கூடவே இருந்தார்கள். அனுபவிக்க வேண்டிய பதற்றத்தை அனுபவித்தபோது அது உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கியது. இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படும் 'எதிர்கொள்ளலும் எதிர்வினைத் தடுப்பும்' என்ற முறையின் தொடக்கம் அங்கேதான். கூடவே மருந்துகளும் உண்டு. முதலில் க்ளோமிப்ரமின், பிறகு ஃப்ளூவாக்ஸமின், ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பல சமயம் கூடுதல் அளவில் தேவைப்படும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். பத்து நாளில் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் நம்மிடையே அதிகம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 2022 முதல் இயங்கும் அரசின் டெலி-மானஸ் எண்ணான 14416ஐ அழைக்கலாம். ஆனால் தினம் அழைத்து 'எனக்கு ரேபிஸ் இல்லைதானே?' என்று கேட்கக்கூடாது.

எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சிகள் சிரிப்பு வருகிற அளவுக்குச் சாதாரணமானவை. தெருநாய் படுத்திருக்கும் பக்கமாக நடந்து வர வேண்டும், வந்து கால் கழுவக்கூடாது. கீறலைப் பார்க்கக்கூடாது. 'எனக்கு ரேபிஸ் வரலாம், வராமலும் போகலாம், எனக்குத் தெரியாது' என்று ஒரு தாளில் எழுதித் தினம் வாசிக்க வேண்டும். 'வராது' என்று எழுத அனுமதி இல்லை. டீக்கடையில் வெகு சுலபமாகப் பேசிய நிச்சயமின்மையை அந்தத் தாளில் எழுதும்போது பேனா பிடித்த கை நடுங்கியது. கோட்பாடு உடம்பில் இறங்குவது என்றால் என்னவென்று அன்றுதான் விளங்கியது. அர்த்தத்தை முடிக்காமல் விட்டுவிட்டு எழுந்து போகத் தெரிந்தவனே திறந்த பிரதியின் வாசகன்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வந்துவிடக்கூடாது. நாய்க்கடி நிஜம்; ரேபிஸ் நிஜம். கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு எதிர்ப்புப்புரத மருந்தும் போட்டுக்கொள்ள வேண்டும். ஓ.சி.டி. இருக்கிறவனுக்கும் இது உண்டு. நியாயமான எச்சரிக்கை முறைப்படி ஒரு தடவை செய்து முடிக்கப்படுவது. சடங்கிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது அந்த 'ஆயிற்று' என்ற சொல்லை. சந்தேகம் அதற்கு அப்புறமும் பேசும். பேசட்டும்.

சுகமாகிவிட்டதா என்று கேட்டால், அதற்கும் நிச்சயமான பதில் என்னிடம் இல்லை. பதில் தேடக்கூடாது என்பதும் சிகிச்சையில் சேர்த்தி. பரீட்சைத்தாள் திருத்தும் வாரங்களில், தூக்கம் கெட்ட நாட்களில், தலைக்குள் பழைய குரல் கேட்கிறது. முன்பு மூன்று மணி நேரம் தின்றது இப்போது பத்து நிமிஷத்தில் போய்விடுகிறது. காலையில் டம்ளரோடு உட்காருவதில்லை. போன வாரம் வெயிலில் நடந்து வந்து, சொம்பை அண்ணாந்து கடகடவென்று குடித்தேன். பாதிக்கு மேல் குடித்த பிறகுதான் தொண்டையின் ஞாபகம் வந்தது. மிச்சத்தையும் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தேன்.